விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு பைனாகுலர்

ஓகஸ்ட் 23, சனி

இந்தக் கொப்பியை வாங்கியதே பைனாகுலருக்காகத்தான். கடைக்குப் போய்க் கண்ணில் பட்டதைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் நான் இல்லை. ஒரு சாமான் வாங்கினால் அதைப் பரீட்சித்து, எழுதி, ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வைத்திருப்பதா திருப்பிக் கொடுப்பதா என்று முடிவெடுப்பேன். சோறு அவிக்கிற குக்கருக்கே அப்படித்தான் செய்தேன் என்று என் மனுசி சுபத்திரா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

விஷயம் இதுதான். மகள் சகானாவுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் வில் எய்யப் பழகினாள். பழகினாள் என்ன, இந்த வட்டாரத்தில் அவளுக்கு மிஞ்ச ஆள் இல்லை. மஞ்சள் வட்டத்துக்குள் அம்புகளைக் கொத்தாகக் குத்தி வைப்பாள். "உங்கள் பிள்ளைக்கு நடுவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படுவதே இல்லை" என்று பயிற்றுநர் சொன்னார். அன்றைக்கு என் கால் நிலத்தில் படவில்லை.

பக்கத்து வீட்டு லோரெயின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சின்ன வயதிலிருந்தே வில்லோடு காட்டுக்குப் போகிறவள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் இருக்கிற காடு அவளுடையது. அங்கே இந்த வருடம் சகானா தன் முதல் மானை எய்யலாம் என்று சொல்லிவிட்டாள். பிள்ளை வேட்டைக்காரருக்கான வகுப்பு எல்லாம் பாஸ் பண்ணி அனுமதியும் எடுத்துவிட்டாள். லோரெயின் என்னைப் பார்த்து, "வில்லைப் பிடிக்கிறவளுக்கு இரண்டு கையும் வேலை. பக்கத்தில் இன்னொரு சோடிக் கண் வேண்டும். அது நீதான், கெத்" என்றாள். என் பெயர் கேதீஸ்வரன். பதினொரு வருடமாக அயலில் இருக்கிறாள், இன்னும் வாயில் நுழையவில்லை. ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

சுபத்திரா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். "உது என்ன கண்டறியாத விளையாட்டு? அதுவும் பொழுதுபட்ட நேரத்திலை" என்றாள். மான் அந்த நேரத்தில்தானே வெளியே வரும்? அதற்கு நான் என்ன செய்ய?

ஓகஸ்ட் 27, புதன்

முதலாவது பைனாகுலர்: பத்துக்கு நாற்பத்திரண்டு. பத்து என்றால் பத்து மடங்கு கிட்டக் கொண்டுவரும். நாற்பத்திரண்டு என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீற்றரில். கடைக்கார டெரிக் விளங்கப்படுத்த வந்தான். எனக்குத் தெரியும் என்று கையைக் காட்டி நிறுத்தினேன்.

மத்தியானம் வீட்டின் பின்பக்கத்து மரத்தட்டில் நின்று பார்த்தேன். அபாரம்! லோரெயினின் கொட்டிலில் தொங்குகிற பூட்டின் எழுத்தை வாசித்தேன். மரங்கொத்தி ஒன்றின் கழுத்துச் சிலிர்ப்பைக் கண்டேன். என் கண்ணுக்கு ஐம்பத்தொரு வயது என்று யார் சொல்வார்கள்?

பொழுதுபட மறுபடி பார்த்தேன். சாம்பல் சேற்றுக்குள் முகத்தை வைத்தது போல இருந்தது. மோசமான கண்ணாடி. வெளிச்சத்தை விழுங்குகிறது என்று வாய்விட்டே சொன்னேன்.

குசினியிலிருந்து சுபத்திரா, "கண்ணாடியோ?" என்று கேட்டாள். அந்த மாதிரிக் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

செப்ரெம்பர் 2, செவ்வாய்

மாற்றிவிட்டேன். இப்போது எட்டுக்கு நாற்பத்திரண்டு. லோரெயின் சொன்னதுதான் சரி. துவக்குக்காரனுக்குத் தூரம் வேண்டும். வில்லுக்காரனுக்கு மான் கூப்பிடு தூரத்துக்கு வந்தால்தான் உண்டு. அவனுக்கு வேண்டியது அகலம். புதருக்கு இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு வால், இரண்டும் ஒரே பார்வையில் விழ வேண்டும். மடங்கு குறைந்தால் அகலம் கூடும். வெளிச்சமும் கூடும். நாற்பத்திரண்டை எட்டால் பிரித்தால் ஐந்து சொச்சம் வருகிறது. அந்தளவு மொத்தமான வெளிச்சக் கற்றை கண்மணிக்குள் இறங்கும். கணக்கு எவ்வளவு துப்புரவாக இருக்கிறது!

ரப்பர் உறை போட்டது, கிளையில் தட்டினாலும் சத்தம் வராது. நெஞ்சில் கட்டுகிற வாரும் வாங்கினேன். கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். சகானா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, பேபி கரியர் மாதிரி இருக்கு."

செப்ரெம்பர் 5, வெள்ளி

மழை. பார்க்கவில்லை. வீட்டில் மரக்கறி.

செப்ரெம்பர் 9, செவ்வாய்

பார்வையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் வருகிறது. இது எல்லாருக்கும் வருகிற பிரச்சினைதான், இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கண்ணுக்கும் பைனாகுலரின் வில்லைக்கும் இடையில் சரியான இடைவெளி இல்லாவிட்டால் வருமாம். ரப்பர் கிண்ணத்தைத் திருகி ஏற்றினேன், இறக்கினேன். மூக்குக்கண்ணாடியோடு பார்த்தேன், இல்லாமலும் பார்த்தேன். வளையம் போகவில்லை.

பொழுதுபடும் நேரம் லோரெயின் வேலிக்கு வந்தாள். பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். "நல்ல சாமான், கெத். இரண்டு பெட்டை மான், ஒரு குட்டி. குட்டி இப்போது படுக்கிறது" என்று சொல்லித் திருப்பித் தந்தாள். நானும் பார்த்தேன்.

"கண்டாயா?" என்றாள்.

"ஓ, கண்டேன்" என்றேன். கண்டது மாதிரித்தான் இருந்தது.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

சகானாவோடு வாய்த்தர்க்கம். அவளுக்கு நொவெம்பரில் கார் ஓட்டுகிற பரீட்சை. இந்த ஊரில் பஸ்ஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கார் ஓடத் தெரியாதவன் வீட்டுக்குள் பூட்டிக் கிடக்க வேண்டியதுதான். அவளும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பின்னேரம் பால் வாங்கப் போய்த் திரும்பி வந்தபோது வாசலில் நிற்கிற தபால் பெட்டியைச் சரித்துவிட்டாள். பக்கத்தில் நான் இருந்தேன்.

"எங்கை பாத்துக்கொண்டு ஓடுறாய்? உவ்வளவு பெரிய பெட்டி தெரியேல்லையோ?" என்று கத்தினேன்.

"நேரைத்தான் பாத்தனான் அப்பா. அது திடீரெண்டு வந்தது."

"தபால் பெட்டி நடந்து வந்ததோ? கவனம் இல்லை. போனிலைதான் முழு யோசினையும்."

அழுதுகொண்டு உள்ளே போய்விட்டாள். உண்மையில் எனக்கும் அந்தப் பெட்டி கடைசி நிமிடத்தில்தான் தெரிந்தது. ஆனால் நான் ஓட்டவில்லையே.

சுபத்திரா வாசலில் நின்று சரிந்த கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இனிப் பின்னேரத்திலை அவளை ஓட விடாதேங்கோ" என்று மட்டும் சொன்னாள். வழக்கமாக என்றால் தபால் பெட்டிக்கு ஒரு மணித்தியாலம் பேசுவாள்.

அவள் சொல்வதும் எங்கள் வீட்டு முறைதான். ஊரில் எங்கள் வீட்டில் விளக்கு வைப்பதற்கு முன் எல்லோரும் படலைக்குள் வந்துவிட வேண்டும். வந்து, கால் கழுவி, சாப்பிட்டு, இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அயலட்டையில் அதற்காகவே எங்களை மதித்தார்கள். "பொன்னுத்துரையற்றை பிள்ளையள் இருட்டினால் தெருவிலை நிற்காதுகள்" என்பார்கள். அப்பா அந்த ஒழுங்கைக் கடைசிவரை விடவில்லை. இந்த வீட்டிலும் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ரொறொன்ரோவில் அது முடியவில்லை என்பதால்தான் இங்கே வந்தோம். காஸ் ஸ்டேஷனில் பகல் வேலைதான் செய்வேன் என்று முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

செப்ரெம்பர் 20, சனி

எட்டுக்கு ஐம்பத்தாறு. இதற்கு மேல் ஆள் தூக்க முடியாது. ஐம்பத்தாறை எட்டால் பிரித்தால் ஏழு. ஆந்தைக்குச் செய்த கண்ணாடி என்று டெரிக் சொன்னான். "உங்களுக்கு இதிலும் இருட்டாகத் தெரிந்தால் குறை கண்ணாடியில் இல்லை" என்று சிரித்தான். விசரன். வியாபாரம் செய்கிறவனுக்கு நாக்கு அடக்கம் வேண்டும்.

பின்னேரம் பார்த்தேன். அதே சேறு. அதே வளையம்.

அண்ணை டென்மார்க்கிலிருந்து போன் எடுத்தார். வழக்கமான கதைகள். அண்ணி பேரனோடு நிற்கிறா, குளிர் தொடங்கிவிட்டது. தான் இப்போது வெளியே போவதில்லை என்றார். போன மாதம் தட்டித் தட்டி நடக்க வெள்ளைப் பொல்லுக் கொடுத்திருக்கிறார்களாம்.

"தம்பி, உனக்கு எப்பிடி? பொழுதுபட்டால்?"

"எனக்கென்ன அண்ணை, நல்லாய்த்தான் இருக்கிறன்."

"பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டினனியோ?"

லைன் இழுபட்டது. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். லைன் இழுபட்டதா என்று சுபத்திரா கேட்கவில்லை. அவள் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

ஐம்பத்தாறைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி எட்டுக்கு நாற்பத்திரண்டு, வேறு கொம்பனி. டெரிக் இன்றைக்குச் சிரிக்கவில்லை.

செப்ரெம்பர் 28, ஞாயிறு

சுபத்திரா என் சொந்த மச்சாள். அம்மாவின் தம்பியின் மகள். சொத்து வெளியே போகக் கூடாது, குலம் கோத்திரம் தெரிந்த இடம் என்று பெரியவர்கள் பேசிச் செய்தது. எனக்கும் அவளை விருப்பம்தான். அம்மாவும் அப்பாவும் சொந்தத்துக்குள்தான். அப்பாவின் அப்பாவும் அப்படித்தான்.

இன்றைக்கு உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "இடம்பெயர்ந்து ராவிலை வரேக்கை மாமா, உங்கடை அப்பா, சைக்கிள் கரியரைப் பிடிச்சுக்கொண்டு நடந்து வந்தவர், ஞாபகம் இருக்கோ?" என்றாள்.

"சனநெரிசல். ஆளை ஆள் தவறவிட்டிடுவம் எண்டு பிடிச்சவர்."

"ஒரு கையாலை கரியர். மற்றக் கையாலை என்ரை தோள். அப்ப எனக்குப் பதினேழு வயசு. 'பிள்ளை, பள்ளம் இருந்தால் சொல்லு' எண்டு நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தவர். எனக்கு விளங்கேல்லை எண்டோ நினைக்கிறியள்?"

"இப்ப ஏன் உந்தக் கதை?"

"எங்கடை அப்பாவும் கடைசிக் காலத்திலை பின்னேரம் கிணத்தடிக்குப் போறேல்லை. அதையும் ஒழுக்கம் எண்டுதான் சொன்னவையள். நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானேயப்பா. சகானாவை ஒருக்கா..."

தேத்தண்ணி கேட்டேன். எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். சீனி போட மறந்துவிட்டாள். நான் சொல்லாமல் குடித்தேன்.

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொன்னது கிடையாது. சொன்னால் அப்பாவின் தங்கை கொழுந்து மாமியைக் கட்டிக் கொடுத்திருக்க ஏலாது. நானும் எழுதப் போவதில்லை.

ஒக்ரோபர் 4, சனி

முதல் நாள் வேட்டை. விடியப் போகவில்லை, பின்னேரம்தான் போனோம். லோரெயின் காட்டுக்குள் விழுந்து கிடக்கிற ஒரு பெரிய மரத்தை அடையாளம் காட்டியிருந்தாள். அதற்குப் பின்னால் இருவரும் குந்தியிருந்தோம். வெயில் இருக்கும்வரை எவ்வளவு சந்தோஷம்! பிர்ச் மரங்கள் மஞ்சளாகக் கொட்டிக்கொண்டிருந்தன. சகானா அம்பைத் தொடுத்து மடியில் வைத்தபடி என் தோளில் சாய்ந்திருந்தாள். "அப்பா, முதல் மான் கிடைச்சா அம்மா சமைப்பாவோ?" என்று காதுக்குள் கேட்டாள். வெள்ளிக்கிழமை இல்லாவிட்டால் சமைப்பாள் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மான் வரவில்லை. வந்திருக்கலாம். சொல்ல முடியாது.

திரும்பும்போது இருட்டிக்கொண்டு வந்தது. கைவிளக்கு ஒன்றுதான். அதன் வெளிச்சம் ஒரு சோற்றுக் கோப்பை அகலம், அதற்கு வெளியே எதுவும் இல்லை. நான் முன்னால் மரத்துக்கு மரம் தடவிக்கொண்டு நடந்தேன். அவள் என் ஜாக்கெற்றின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு தரம் வேர் தடக்கி முதுகில் வந்து மோதினாள்.

"அப்பா, உங்களுக்கு வழி தெரியுதுதானே?"

"தெரியும், பிடிச்சுக்கொண்டு வா."

பிடித்த பிடியை விடாமலே வந்தாள். அவளுடைய கை எனக்கு ஏன் அவ்வளவு பாரமாக இருந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்தேன். யோசித்தேன் என்ன, தெரியும். பயமாக இருக்கிறது.

ஒக்ரோபர் 7, செவ்வாய்

வாரை இறுக்கினேன். பைனாகுலரின் வில்லைகளை அதற்கென்று உள்ள துணியால் துடைத்தேன்.

ஒக்ரோபர் 11, சனி

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு இதையும் கண்ணாடியின் குறை என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதே மரம், அதே இடம். வெயில் இறங்கிய பிறகு காடு வழக்கம் போல் குறுகியது. பைனாகுலரை எடுத்தேன். நடுவில் ஒரு காசளவு சாம்பல், சுற்றவரக் கறுப்பு. இடப்பக்கம் ஒரு வெள்ளைப் பிர்ச்சுக்குப் பக்கத்தில் மண்ணிறமாக ஏதோ இருந்தது. அசைந்தது. சத்தியமாக அசைந்தது.

"சகானா. இடப்பக்கம். வெள்ளை மரத்தடியிலை."

வில்லை உயர்த்தி நாணை இழுத்தாள். என்ன அழகாக இழுப்பாள்! தோள் ஒரு நூல் அசையாது.

"எங்கை அப்பா?"

"நேரை பார். நிக்குது."

"எனக்குக் காணேல்லை."

"பொறுமையாப் பார். மண்ணிறம்."

இழுத்த நாணோடு எவ்வளவு நேரம் நின்றாளோ, கை நடுங்கத் தொடங்கியது. மெல்ல மெல்லத் தளர்த்தி வில்லைக் கீழே விட்டாள்.

"கீழேயே வைத்திரு, மகளே" என்று ஒரு குரல் வந்தது.

உயிர் போய் வந்தது. லோரெயின். எங்களுக்கு வலப்பக்கம், வெட்டவெளியில், பத்து அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவள் பேசிய பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பித் தேடினேன். தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் செம்மஞ்சள் ஜாக்கெற் போட்டிருந்தாள். தலையில் தொப்பியும் அதே நிறம். துவக்கு வேட்டைக்காரர் ஒருவரை ஒருவர் சுட்டுவிடக் கூடாது என்று போடுகிற நிறம், குருடனுக்கும் தெரியும் என்று பகிடி விடுவார்களே, அந்த நிறம்.

கிட்ட வந்து மரத்தில் உட்கார்ந்தாள். வழக்கமான பகிடி ஒன்றும் இல்லை.

"போன சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் காட்டிலிருந்து வந்த விதத்தை ஜன்னலால் பார்த்தேன். அதுதான் வந்தேன். அம்பு போகாத பக்கமாக நின்றேன். அங்கேயிருந்து நடந்து உங்களைப் பார்த்தபடி வெட்டவெளிக்கு வந்தேன். தொப்பியைக் கழற்றி ஆட்டினேன். கெத், நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். சகானா, நீயும் பார்த்தாய். இரண்டு பேரும் என் ஊடாகப் பார்த்தீர்கள்."

"இந்தக் கண்ணாடிதான், லோரெயின். இது நாலாவது. ஓரம் எல்லாம் கறுப்பு..." என்று நான் தொடங்கினேன்.

"பிள்ளையிடம் கண்ணாடி இல்லையே" என்றாள்.

சகானாதான் பேசினாள். ஆங்கிலத்தில் இல்லை, என்னோடு தமிழில்.

"அப்பா, எனக்கு எப்பவும் இப்பிடித்தான். இருட்டினா எல்லாருக்கும் இப்பிடித்தானே? இருட்டினா ஒருத்தருக்கும் தெரியாதுதானே?"

பதினாறு வருடம் ஒரு பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஏன் நினைக்க மாட்டாள்? விளக்கு வைப்பதற்கு முன் எல்லோரும் உள்ளே வந்துவிடுகிற வீட்டில் வளர்ந்தவள். வெளியே போய்ப் பார்த்தால்தானே மற்றவர்களுக்குத் தெரிகிறது என்று அவளுக்குத் தெரியும்? அப்பா எங்களுக்குக் கட்டின வேலியை நான் கடல் கடந்து கொண்டுவந்து அவளுக்கும் கட்டியிருக்கிறேன். அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வேறு.

லோரெயின் எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்து, ஒரு கையில் என்னையும் மறுகையில் அவளையும் பிடித்து வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டாள். வழியில் அந்த வெள்ளை மரத்தடியைத் தாண்டினோம். அங்கே நின்றது ஒரு அடிக்கட்டை.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

மாலைக்கண்.

எழுதிவிட்டேன்.

ஒக்ரோபர் 15, புதன்

சுபத்திரா சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நல்லது. "எனக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஆளை ஆள் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறம், ஆர் முதல் சொல்லுறது எண்டு" என்றாள். சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்து வைத்தியருக்கு நாள் கேட்டாள். தொலைபேசியை வைத்த பிறகுதான் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் இருந்தாள்.

காரை நான் தொடுவதில்லை. காலையில் சுபத்திரா கொண்டுபோய் விடுகிறாள். காரணம் கேட்ட முதலாளிக்கு முதுகு நோ என்றேன். பழக்கதோஷம்.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

சகானா பகலில் பின்வளவில் எய்கிறாள். எல்லாம் மஞ்சளில். ஒன்றுகூடத் தவறவில்லை. பார்க்கவே முடியவில்லை.

நொவெம்பர் 6, வியாழன்

நகரத்துக் கண் ஆஸ்பத்திரி. என்னைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வைத்தியர் தலையை ஆட்டினார். எனக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. என்னை எடுத்துக்கொண்டு போகட்டும். பிள்ளைக்கு வேறு ஏதாவது இருக்கட்டும், விற்றமின் குறைவாக இருக்கட்டும் என்று நல்லூரானை வேண்டிக்கொண்டுதான் வந்தேன். இல்லாத நேர்த்தி எல்லாம் வைத்தேன்.

ஒரு பரிசோதனை இருக்கிறது. வெள்ளை அரைக்கோளம் ஒன்றுக்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுவில் ஒரு புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சங்கள் வந்து வந்து போகும். கண்டால் கையில் இருக்கிற பொத்தானை அமத்த வேண்டும். சகானாவுக்குச் செய்யும்போது நான் பின்னால் கதிரையில் இருந்தேன். எனக்கு வெளிச்சங்கள் தெரியாது, பொத்தானின் சத்தம் மட்டும் கேட்கும்.

டிக். டிக். டிக். நடுவில் வருகிறவையாக இருக்கும், மூன்றையும் பிடித்துவிட்டாள். வில்லுக்காரி அல்லவா.

பிறகு ஒன்றும் இல்லை. மிஷின் மட்டும் உள்ளே மெல்லச் சத்தம் போட்டு இடம் மாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எங்கேயோ ஒரு வெளிச்சம் வந்து போகிறது என்று எனக்குத் தெரியும். அமத்து பிள்ளை. அமத்து. ஐயோ, சும்மாவாவது அமத்து. நான் கதிரையின் கையை என் பெருவிரலால் அமத்திக்கொண்டே இருந்தேன். நகம் மடிந்தது பிறகுதான் தெரிந்தது.

நடுவில் அவள் மிஷினை இயக்குகிற பெண்ணைக் கேட்டாள், "தொடங்கிவிட்டதா?"

நொவெம்பர் 7, வெள்ளி

பரம்பரை. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே குறை வந்து சேர்ந்திருக்கிறது. ஓரத்திலிருந்து நடுவுக்குக் கருகிக்கொண்டு வரும். நடு எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல முடியாது. மருந்து இல்லை. வைத்தியர் நல்ல மனிதர், ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது.

என் சாரதிப் பத்திரம் பற்றி அவர் அறிவிக்கத்தான் வேண்டுமாம். சரி என்றேன்.

"எனக்கு இருபத்தொன்றாம் திகதி பரீட்சை" என்றாள் சகானா.

வைத்தியர் பதில் சொல்ல முதல் சுபத்திராவைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது பிள்ளைக்கு. "ஓகே" என்றாள். இரண்டு தரம் சொன்னாள்.

வரும் வழி முழுக்க சுபத்திராதான் ஓட்டினாள். சகானா பின்னால் இருந்து ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னோடு கோபமா என்று கேட்டேன். "இல்லை" என்றாள். கொஞ்சத் தூரம் போன பிறகு, "பெரியப்பாவுக்கும் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றாள். உனக்குக் கலியாணம் பேசும்போது குறையாகிவிடும் என்று நினைத்தேன் என்று பதினாறு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நொவெம்பர் 12, புதன்

அண்ணைக்குப் போன் எடுத்தேன். இரண்டு பேரும் கனநேரம் அழுதோம்.

நொவெம்பர் 15, சனி

இரவு நல்ல பனி. காலையில் வெயில் அடித்து வீட்டுக்குள் எல்லாம் கண் கூசுகிற வெளிச்சம். லோரெயின் மான் இறைச்சி ஒரு பொதி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே வரவில்லை. சுபத்திரா மிளகு போட்டுப் பிரட்டினாள். மூவரும் மேசையில் இருந்து சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பைனாகுலர் ஜன்னல் விளிம்பில் பெட்டிக்குள் இருந்தது. டெரிக்கிடம் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தேன். என்ன குறை என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் நாலு நாளாக அப்படியே கிடக்கிறது.

சாப்பிட்டு முடித்த சகானா கையைத் துடைத்துவிட்டு அதை எடுத்தாள். வெளியே பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பைனாகுலரை மறுபக்கம் திருப்பினாள். பெரிய கண்ணாடிகளைக் கண்ணில் வைத்து, சின்னப் பக்கத்தை எங்களை நோக்கிப் பிடித்தாள்.

"பிழையாப் பிடிச்சிருக்கிறாய் பிள்ளை" என்றேன்.

"இல்லை அப்பா. பொறுங்கோ."

அப்படியே அசையாமல் நின்றாள். அம்பு தொடுத்து நிற்கும்போது நிற்பாளே, அதே நிலை.

"இதுக்குள்ளை எல்லாரும் தெரியிறியள்" என்றாள். "அம்மா, நீங்கள், மேசை, அடுப்பு, கதவு. ஒண்டும் வெட்டுப்படேல்லை. தலையைத் திருப்பாமலே எல்லாம் தெரியுது."

சுபத்திரா கோப்பையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆனா நல்ல சின்னனா இருக்கிறியள்" என்றாள் சகானா. "கனதூரத்திலை நிக்கிறியள்."

எனக்கு ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று தெரியவில்லை. கையை உயர்த்தி அவளுக்கு ஆட்டினேன். மேசைக்கு மற்றப் பக்கம் நின்றுகொண்டு அவளும் எனக்குக் கையை ஆட்டினாள்.